சட்டைப் பையில் இருந்த பியூஸ்

அந்தக் காரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குச் சோர்வு வந்துவிடுகிறது. என்னைவிட வயதான கார். அதன் சொந்த இன்ஜின் போய்ப் பல காலம் ஆகிறது. பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய வேறொரு சிறிய காரின் இன்ஜினை வாங்கிவந்து, என் கணவரும் மகளும் எங்கள் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் வைத்து அதற்குள் இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் இடம் போதவில்லை என்று தெரிந்தது. புது இன்ஜினின் முன்னால் பெல்ட்டில் சுழன்று, இன்ஜின் கொதிக்காமல் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், ரேடியேட்டரில் போய் முட்டியது. அதைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் மின்சார பம்ப் ஒன்றை ரேடியேட்டருக்குக் கீழே பொருத்துவது என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

கணவர் இங்குள்ள நிலக்கரிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் ஃபோர்மேன். மகள் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கேயே கான்ட்ராக்டில் இருக்கிறாள். நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் பயப்படுகிற வேலையும் என்னுடையதுதான். கார் ஓடட்டும், ஓடாமல் போகட்டும், எனக்கு அக்கறை இல்லை. அவள் தனியாக அதை எடுத்துக்கொண்டு பண்ருட்டி சாலையில் போவாள் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பஸ்ஸும் மண் லாரியும் போகிற சாலை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்ப் ஓடியது. ஒயரிங் எல்லாம் அவளுடையது. இன்ஜினைப் போடாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, "காது கொடுத்துக் கேளும்மா" என்று என்னை இழுத்துப் போய் நிறுத்தினாள். மீன் தொட்டி மோட்டார் மாதிரி ஒரு முனகல். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனேன். மாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவள் குளிக்கப் போனாள்.

அதற்குள் ஓஸ் மாட்டிய இடத்தில் தண்ணீர் கசிவதை அவர் பார்த்திருக்கிறார். கிளிப்பை முறுக்க உட்காரும் முன் பம்பின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுரங்கத்தில் அவர்கள் பிரிவில் அதுதான் வழக்கம். மோட்டாரில் கை வைக்கிறவன் பியூஸைத் தன் பையில் வைத்துக்கொள்வான். அவனே வந்து திரும்பப் போட்டால்தான் உண்டு. வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைத் தட்டி அவன் கையைப் பறித்துவிடக் கூடாதே. கூடவே போர்டில் ஒரு சிவப்பு அட்டையையும் தொங்கவிடுவார்கள். வீட்டு ஷெட்டில் ஏது போர்டு, ஏது அட்டை? கிளிப்பை முறுக்கி முடிக்கும்போது போன் வந்தது. சுரங்கத்தில் ஏதோ ஒரு பம்ப் ட்ரிப் ஆகி நின்றுவிட்டதாம். பானட்டை மூடினார், யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு கிளம்பினார். கழற்றிப்போட்ட சட்டையை நான் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

மாலை வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்டதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பழைய மீட்டர் புது இன்ஜினின் சூட்டைக் காட்டாது. வேறு வாங்கி மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மாட்டவில்லை. இன்ஜின் சத்தத்தில் பம்பின் முனகல் இல்லாதது அவளுக்கு எப்படித் தெரியும்?

பானட்டிலிருந்து புகை வருவதைக் கண்டு முந்திரித் தோப்பு ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினாளாம். கொதிக்கிற தண்ணீர் சீறிக்கொண்டு வலது கையிலும் கழுத்திலும் அடித்துவிட்டது.

போன் செய்தது அவள்தான். "அம்மா, பம்ப் ஓடல போல. வெந்நீர் கையிலே கொஞ்சம் பட்டுடுச்சு" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. போனை யாரோ வாங்கினார்கள். மொபெட்டில் போன ஒருவர்.

"பயப்படாதீங்கம்மா. கண்ணுலல்லாம் படல. நான் தண்ணி ஊத்திக்கினேதான் இருக்கேன். நீங்க பதறாம வாங்க."

பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் கணவரைக் கூப்பிட்டு, பம்ப் ஓடவில்லை போலிருக்கிறது, பிள்ளைக்குக் கை வெந்துவிட்டது என்றேன். மோட்டார்களின் இரைச்சலுக்கு நடுவே அவர், "என் நீலச் சட்டை எங்கே?" என்றார்.

"ஊறப்போட்டேன். இப்ப எதுக்கு அது?"

"பையிலே பாரு."

வாளிக்குள் கையை விட்டேன். நகம் அளவுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பியூஸ்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், உட்காரவே இல்லை. மருந்து தடவிக் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி அவள்தான் பேசினாள். "அப்பா, அடுத்த தடவை எனக்கும் ஒரு சிவப்பு அட்டை போடு. கழுத்துல மாட்டிக்கறேன்." அவர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தழும்பு மங்கிவிடும் என்கிறார்கள். குக்கர் விசில் அடிக்கும் முன்பே நான் இன்னும் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். காரை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது, "அப்பாவையும் சேர்த்துக் குடுத்தாத்தான் வாங்குவாங்கம்மா" என்றாள். சூட்டில் கெட்டிருந்த இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றிச் சரி செய்து, பியூஸைப் போட்டு, சூடு காட்டும் மீட்டரையும் மாட்டினார்கள். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையை மட்டும் செய்தார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

போன வாரம் மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். தடுத்துப் பயனில்லை என்று தெரிந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் எதையும் பார்க்கவில்லை. மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். திருவதிகை கோபுரம் வந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கை வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சூடு தணியும்வரை அது ஓடும்படி ஒயரை மாற்றியிருக்கிறார்களாம்.

"அது தானா நின்னுடும். நீ இறங்கும்மா, சித்தி வெயில்ல நிக்கறாங்க."

"நீ போ. நான் வரேன்" என்றேன்.

அவள் இடது கையால் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முனகல் நிற்கும்வரை நான் இறங்கவில்லை.