ஒரு கோழிக்கு ஒரு பிடி

வேலை முடிந்து, கால் கடுக்க புக்கிட் மேரா வீட்டுக்குத் திரும்பும்போது, செல்லப்பிராணிக் கடை வாசலில் தவிட்டு வாசனை என்னை மறித்தது. கோழிக்கு நாளொன்றுக்கு நூற்றிருபது கிராம் என்று தீவன மூட்டையில் போட்டிருந்தது. சின்ன வயதில், செம்பவாங் கம்பத்தில், அந்தக் கிராமத்து வீட்டின் பின்புறம், தவிட்டில் தேங்காய்ச் சக்கையைப் பிசைந்து, தூக்கம் கலையாத கண்ணோடு, கோழிக்கு ஒரு பிடி என்று அம்மா தினமும் அள்ளிவைத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அடுக்குமாடிக்குக் குடிபோன காலையில், அங்கே கோழி வளர்க்கக்கூடாது என்பதால், மிச்சமிருந்த தவிட்டு மூட்டை முழுவதையும் அம்மா முற்றத்தில் கொட்டினாள்.

“நாளைக்கும் சேத்துத் தின்னுக்கங்கடி.”

அவையோ வழக்கமான பங்கை மட்டும் கொத்திவிட்டு, எங்கள் லாரிக்கடியில் நிழலுக்கு ஒதுங்கின. வண்டி கிளம்புவதற்காக, அம்மாவே இறங்கி விரட்ட வேண்டியதாயிற்று.