பைப்பைப் பூட்டும்

என் கணவர் யாழ்ப்பாணம், நான் சென்னை. மொன்றியலில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம், ஒரே மைக்ரோவேவில் சோறு சூடாக்கினோம், கல்யாணம் செய்துகொண்டோம். இரண்டு பேரும் தமிழ்தானே, பிறகென்ன என்றார்கள் நண்பர்கள். சொல்பவர்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். "கதவைப் பூட்டும்" என்று இவர் முதன்முதலாகச் சொன்னபோது நான் வீடு முழுக்கச் சாவியைத் தேடினேன். வெறுமனே மூடச் சொன்னாராம். போதாததற்கு இந்த ‘நீர்’, ‘உமக்கு’ வேறு. அவர்கள் பக்கம் மனைவியை அன்பாக அப்படித்தான் அழைப்பார்களாம். எனக்கு ராஜசபையில் நிறுத்தி விசாரிப்பது போல இருந்தது. இப்போது யாராவது அதை மாற்றச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

இவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்கு இருந்தபோது சமையலறையில் நடந்த கூத்து, கர்க்லாண்டில் சொந்த வீட்டுக்கு வந்ததும் பேஸ்மென்டுக்கு இறங்கியது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுப் பெரிய அண்டாவில் கொதிக்கவிட வேண்டும். கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாத கிருமியெல்லாம் குடியேறிவிடும். ஆறவைக்க இவருக்குத் தெரிந்த ஒரே வழி, அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியேறிப் பின்வாசல் பனியில் வைப்பது. பனி உருகி அண்டாவைச் சுற்றிக் குழி விழும், சாறு என்னவோ சூடாகவே இருக்கும். அவர் அந்தக் கொதிக்கிற பாரத்தோடு படியேறும்போதெல்லாம் நான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து பிடிப்பேன். ஆறவைக்க ஒரு பம்ப் வாங்குங்கள், இல்லையென்றால் பியரை விடுங்கள் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "பேந்து பார்ப்பம்" என்றார். பேந்து என்றால் பிறகு. இவர் அகராதியில் அதற்கு அர்த்தம் ‘ஒருபோதும் இல்லை’.

அந்தக் குளிர்காலத்தில் என் அப்பா சென்னையிலிருந்து வந்தார். எங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் அவரைக் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னோம். அம்மா கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டாள், அப்பா ஆகவில்லை. விமான நிலையத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை அசைத்தார், அதோடு சரி. சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்: அவருக்கு ரசம் வேணுமா கேளு. இவர் என் பக்கம் திரும்பி, போதும் எண்டு சொல்லும் என்பார். தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவருக்கு அப்பா இல்லை. நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். என் அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று இவர் தவித்தது எனக்குத் தெரியும், வாய்விட்டுத்தான் சொல்ல மாட்டார். என் அப்பா வெளியே கிளம்பும் முன் அவருடைய பனிக்காலணியை இவர் ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கித் தருவார். அப்பா மாட்டிக்கொண்டு போவார். நன்றியும் இல்லை, முறைப்பும் இல்லை. அந்த நாட்களில் அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும் எனக்கு.

ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒரு பியர் குடிப்பார், அம்மா பார்க்காதது போல இருப்பாள். இங்கே தெருமுனை டெபனேர் கடையில் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, தண்ணி மாதிரி இருக்கு என்று என்னிடம் சொன்னார். இவர் காதில் அது விழுந்துவிட்டது. அடுத்த வாரமே பம்ப் வந்து இறங்கியது.

கைக்கு அடக்கமான மோட்டர். அண்டாவின் அடியிலிருந்து சூடான சாற்றை இழுத்து, செங்கல் அளவில் இருக்கும் ஒரு தகட்டுப் பெட்டிக்குள் தள்ளும். பெட்டியின் தகடுகளுக்கு மறுபுறம் குழாய்த் தண்ணீர் ஓடும். ஜனவரி மாத மொன்றியல் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், அதற்கு மேல் என்ன வேண்டும். சாறு ஆறி ஆறி மறுபடி அண்டாவுக்கே வரும். நன்றாக ஆறியதும் ஹோஸைக் கழற்றி, புளிக்கவைக்கும் வாளிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சினோம். அப்பா மேலே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு அண்டா பக்கம் நின்றார், நான் பம்ப் பக்கம். ஆறிவிட்டது என்று தெரிந்ததும், "பைப்பைப் பூட்டும்" என்றார்.

கதவு என்றால் எனக்கு இப்போது பழகிவிட்டது. ஆனால் என் கையில் இருந்தது ஹோஸ், எங்கள் வீட்டில் அதைத்தான் பைப் என்போம். பைப்பைப் பூட்டு என்றால் கழன்றுவிடாமல் இறுக்கு என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் கிடந்த திருப்புளியால் ஹோஸ் வளையத்தை முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, பூட்டிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். இவர் ஊரில் பைப் என்றால் திருகுக் குழாய்; அவர் மூடச் சொன்னது பம்பின் வாயிலிருந்த அதை. என்னை நம்பி, தகட்டுப் பெட்டியிலிருந்த ஹோஸைக் கழற்றினார்.

பழுப்பு நிறத்தில் தித்திப்புச் சாறு அவர் நெஞ்சில் அடித்தது. வாஷிங் மெஷினில் அடித்தது, நான் மடித்து வைத்திருந்த துணியில் அடித்தது. நல்லவேளை, ஆறியிருந்தது. பூட்டச் சொன்னேனே என்று அவரும், பூட்டினேனே என்று நானும் வழக்காடிக்கொண்டு நின்றோம். இரண்டு பேரும் சொன்னது சத்தியம். பம்ப் அது பாட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தது.

"யோவ், என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? மோட்டர ஆஃப் பண்ணுய்யா!"

படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சென்னை அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு, தண்ணீர் வீணாய் வழியும் சத்தம் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதிலும் அப்பா எங்கள் பிளாக்கின் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தவர். ஆனாலும் மாப்பிள்ளையைப் போய் யோவ் என்பதா என்று நான் விறைத்துப்போனேன். அப்பா யோவ் என்று கூப்பிடுவது வாட்ச்மேனையும் தன் கூடப்பிறந்த தம்பியையும்தான். பிடிக்காதவர்கள் எல்லோரும் அவருக்கு ‘சார்’.

இவர் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தார். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். திறந்த வாயை மூட அவருக்கு மனமில்லை. ஸ்விட்சைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாமா, ஈரத்தில் ஒயரைப் போடலாமா, போயும் போயும் இவள் கையில் திருப்புளியைக் கொடுக்கலாமா என்று ஒரே அர்ச்சனை. எல்லாம் நேராக இவரைப் பார்த்து. நான் ஒருத்தி அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துபோனது.

மிஞ்சிய பாதிச் சாற்றை வாளியில் ஊற்றி மூடிவிட்டு, அதே பம்பை வைத்துக் கழுவ ஆரம்பித்தார்கள். வெந்நீரில் கழுவும் பொடியைக் கரைத்துப் பெட்டி வழியாக ஓட்டினார் இவர். பிறகு ஹோஸ்களை மாற்றி மாட்டி எதிர்ப்பக்கமாக விட்டதும், உள்ளே சிக்கியிருந்த ஹாப்ஸ் தூள் மருதாணி விழுது போல வந்தது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்து, இன்னும் வருது, திருப்பி விடு என்றார். ஓம் மாமா என்று இவர் திருப்பி விட்டார். மறுபடியும் வருது என்றார். ஓம் மாமா. தண்ணீர் தெளிந்து வந்த பிறகும் அதை நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. நான் பாட்டுக்குத் தரையைத் துடைத்தேன்.

அப்பா குளிக்க மேலே போனதும், பிசுபிசுத்த சட்டையோடு இவர் படியில் உட்கார்ந்தார்.

"அப்பா உங்க கிட்ட பேசிட்டார்" என்றேன்.

நாம் ‘பேசுவது’ என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ‘கதைப்பது’ என்று பெயர். பேசுவது என்றால் திட்டுவது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம், பேசினவர். தன்ர பிள்ளையைப் பேசுற மாதிரிப் பேசினவர்."