பதினான்கு பக்கத்துக்கு ஒரு மூச்சு

ஒரு பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழ எத்தனை பக்கம் ஆகும்? என் மகள் வயிற்றுப் பேத்தி படிக்கும் ஜப்பான் வாலிபால் படக்கதையில் முப்பத்தாறு பக்கம் ஆகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பந்து மேலே போகிறது. அடிக்கப் போகிறவளின் கண் தெரிகிறது, தடுக்கப் போகிறவளின் கை தெரிகிறது. நடுவில் அடிக்கிறவளுடைய பழைய பள்ளிக்கூடம், அம்மா திட்டியது, காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தது எல்லாம் வந்துவிட்டுப் போகின்றன. பந்து இன்னும் மேலேயேதான் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் பேத்தியைக் கிண்டல் செய்கிறார்கள். நான் மட்டும் செய்வதில்லை, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில், இலுப்பூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரே ஓர் ஆளின் ஒரே ஒரு மூச்சைப் பதினான்கு பக்கத்துக்கு இழுத்தவள் நான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காக வீட்டில் காத்திருந்தேன். தபால்காரர் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவரோ பக்கத்து வீட்டுக்கு மலேயாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார். சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் என் சிநேகிதியும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த வியாதி அது. அவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எனக்குப் படம் வரும். மாதம் ஓர் இதழ், ஒரே ஒரு பிரதி. நாற்பது பக்கம் தைத்து, காக்கித் தாளில் அட்டை போட்டு, உள்ளே வாசகர் பட்டியலை ஒட்டி விடுவோம். ஒரு வீட்டில் ஒரு நாள்தான் இருக்கலாம். படித்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். கடைசி நான்கு பக்கத்தை வாசகர் கருத்து எழுத வெறுமையாக விட்டிருப்போம். இதழ் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் புரட்டியது அந்த நான்கு பக்கத்தைத்தான்.

சிநேகிதியின் அக்காவைக் கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எங்கள் பட்டியலில் அக்கரை வீடுகளும் ஆறேழு இருந்தன. இது முக்கியம், ஏனென்றால் அப்போது இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் என் அண்ணன். சரியாகச் சொன்னால், அண்ணன் ஆடிய சடுகுடு. கோடையில் கண்மாய் வற்றியதும் அதன் நடுவில் கோடு போட்டு இரண்டு ஊரும் ஆடுவது வழக்கம். சடுகுடுவில் பாடிப் போகிறவன் மூச்சை விடாமல் ‘சடுகுடு சடுகுடு’ என்று சொல்லிக்கொண்டே எதிராளி பக்கம் போக வேண்டும். அதற்குத்தான் பாட்டு என்று பெயர். தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்வரை பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் அவுட். விரல் நுனி கோட்டைத் தொட்டால்கூடப் போதும், ஆனால் தொடும்போது பாட்டு இருக்க வேண்டும்.

போன வருஷத்துக் கடைசி ஆட்டத்தில் எங்கள் பக்கம் அண்ணன் ஒருவன்தான் மிச்சம். பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டான். திரும்பும்போது மூன்று பேர் காலைக் கவ்வி விழுத்தாட்டினார்கள். விழுந்தபடியே கையை நீட்டிக் கோட்டைத் தொட்டான். நடுவராக இருந்தவர் அக்கரை ஊர் டிரில் வாத்தியார், ரிட்டயரானவர். “பாட்டு நின்னுபோச்சு, அவுட்டு” என்றார். எங்கள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் “நிக்கல” என்றான். அந்த ஒற்றை வார்த்தையோடு ஆட்டம் கலைந்தது. டிரில் வாத்தியாரைத் தன் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன களவாணி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர், அப்புறம் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. அண்ணனும் போகவில்லை. ரைஸ் மில் வேலை முடிந்து வந்தால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துக்கொண்டு துடைப்பான். ஒழுங்காக ஓடுகிற சைக்கிளை எவ்வளவு நேரம்தான் துடைக்க முடியும்?

எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கண்மாய்க் கரைப் பக்கமே தலை வைத்துப் படுக்காத அண்ணனை எப்படியாவது மறுபடி ஆட வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் குறி. முதல் இரண்டு இதழில் ராஜகுமாரி கதை வரைந்திருந்தேன். ‘படங்கள் நன்று’ என்று எழுதியிருந்தார்கள். நன்று என்றால் ஒருவரும் படிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது இதழில் ராஜகுமாரியைக் கைகழுவிவிட்டுச் சடுகுடு கதையை ஆரம்பித்தேன். நாயகனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், வேண்டாம்.

ஒரு சங்கடம் இருந்தது. நான் சடுகுடுவைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. பெண்கள் கரைமேல் புளியமரத்தடியில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கிருந்து ஆட்கள் எறும்பாகத் தெரிவார்கள், பாட்டு காதில் விழாது. அதனால் அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டேன். “கணுக்காலப் பிடிச்சா கை எங்கிட்டுப் போகும்ணே?” என்று கேட்டால் முதலில் எரிந்து விழுவான். பிறகு கொல்லையில் குனிந்து காட்டுவான். “இங்கிட்டு எடை இருக்கணும். நீ போட்டிருக்குற மாதிரி நின்டா ஒரு சின்னப் புள்ள தள்ளிவிட்டுரும்.” நான் வரைகிற வரைக்கும் அப்படியே நிற்பான். எந்தக் கட்டத்துக்கு வரைகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாவது இதழில் அண்ணனின் அந்தக் கடைசிப் பாட்டை வரைந்தேன். களத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனது, தாளில் பதினான்கு பக்கம் நின்றது. பிடிக்க வருகிறவர்களுக்கும் முகம் கொடுத்தேன். ஒருவனுக்கு மறுநாள் கல்யாணம், ஒருவன் போன வருஷம் இதே இடத்தில் தோற்றவன். களத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? தாளில் நின்று பார்க்கலாம், வேண்டுமானால் திரும்பிப் போயும் பார்க்கலாம். அந்த ருசி எனக்குப் பிடிபட்டுவிட்டது. கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். நாயகன் மண்ணில் கிடக்கிறான், மூன்று பேர் மேலே, நீட்டிய விரல் கோட்டின்மேல். கீழே ‘தொடரும்’. நடுவர் மறுத்த வெற்றியை அண்ணனுக்கு நான் கொடுத்துவிட்டேன் என்று கர்வமாக இருந்தது.

இதழ் சுற்றப் போனது. நான்கு நாளில் சிநேகிதி இதழோடு ஓடி வந்தாள், கருத்துப் பக்கம் தீர்ந்துவிட்டதாம், தாள் வேண்டுமாம். என்னவென்று பார்த்தால், அக்கரை வீடு ஒன்றில் எழுதியிருந்தார்கள்: ‘நாயகன் வாய் மூடியிருக்கிறது. பாட்டு இல்லை. அவுட்.’

படத்தை எடுத்துப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. நெல் மூட்டை தூக்குகிறவர்கள் உதட்டை இறுக்கிக்கொள்வார்களே, அதுதான் என் மனசில் இருந்த வைராக்கிய முகம். அதையே போட்டுத் தொலைத்திருந்தேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் ‘பல்லைக் கடித்துக்கொண்டும் பாடலாம்’ என்று எழுத, ‘எங்கே, பாடிக் காட்டுங்கள்’ என்று அக்கரையில் எழுத, பசை போட்டு ஒட்டிய தாளும் நிறைந்தது. ஒரு வருஷமாகப் பேசாதவர்கள் என் பத்திரிகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பற்றிப் பேசுகிற சாக்கில் எதைப் பேசுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக டிரில் வாத்தியார் எழுதியிருந்தார். நின்று நிதானமான கையெழுத்து. ‘படத்தில் பாட்டு கேட்காது. ஆகையால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆடியவரைத்தான் கேட்க வேண்டும்.’

சுற்று முடிந்து இதழ் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கையில் எடுத்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பக்கத்தையும் மெதுவாகப் புரட்டினான். கடைசிப் படத்தில் வெகுநேரம் நின்றான். பிறகு கருத்துகளைப் படித்தான். என்னைக் கூப்பிட்டான்.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“என்னதண்ணே?”

“வாய் மூடியிருந்துச்சுன்னு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “மேல விழுந்தாய்ங்க, மூச்சு முட்டிப் போச்சு. பாட்டு நின்னுருச்சு. அப்பறந்தான் கை கோட்டுக்குப் போச்சு. அத்தன பேரும் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கயில, நின்னுருச்சுன்னு சொல்ல வரல. ஒரு வார்த்தைதானேன்னு நெனச்சேன். அந்தப் பெரிய மனுசரக் களவாணிங்குவாகன்னு நெனைக்கல.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று ஒரு வருஷமாக நானும் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். “அதான் கம்மாப் பக்கம் போகாம சைக்கிளத் தொடச்சியா?” என்றேன். “ஆமா” என்றான். அந்த ஆமாவைக் கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவன் என் பேனாவை வாங்கினான். வாத்தியார் எழுதியதற்குக் கீழே எழுதினான்: ‘படம் சரி. வாய் மூடித்தான் இருந்தது. பாட்டு நின்றது எனக்குத் தெரியும். நிற்கவில்லை என்று சொன்னதும் நான்தான். நடுவர் ஐயா மன்னிக்க வேண்டும்.’ கீழே முழுப் பெயரையும் எழுதினான். வாத்தியார் வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

“பட்டியல்ல இருக்க அத்தன வீட்டுக்கும் இன்னொரு சுத்து விடு. நம்ம தெருவுலேர்ந்து ஆரம்பி.”

அந்தச் சுற்று போன நாள்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கண்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் யாரோ ஜாடையாகப் பேசியிருக்கிறார்கள், வந்து குடத்தை ணங்கென்று வைத்தார். அண்ணன் மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். சைக்கிளில் புழுதி ஏறத் தொடங்கியது.

நான் ஆறாவது இதழை வரைந்துகொண்டிருந்தேன். நாயகனை என்ன செய்வது என்று அண்ணனைக் கேட்டேன். “அவுட்டுன்னே போடு” என்றான். போட்டேன். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறான், மறுநாள் காலையில் பல் விளக்குகிறான், கரையோரமாக ஓடி மூச்சுப் பழகுகிறான். ஒன்றுமே நடக்காத பக்கங்கள். ஆனால் அந்த இதழில் விரல்பட்டு ஓரம் கறுத்துப்போன பக்கங்கள் அவைதான். ஜெயிப்பதைப் பார்ப்பதற்காக இந்தக் கதைகளை யாரும் படிப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தோற்றவன் மறுநாள் எழுந்து என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பேத்தியின் புத்தகத்திலும் நான் தேடிப் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

ஐந்தாவது இதழ் இரண்டாவது சுற்று முடிந்து திரும்பியது. அண்ணன் எழுதியதற்குக் கீழே அதே நிதானமான கையெழுத்தில் இரண்டு வரி: ‘வருகிற ஞாயிறு மாலை விசிலோடு வருகிறேன். கோடு போட்டு வைக்கவும்.’

கோட்டை அண்ணன்தான் போட்டான், சுண்ணாம்பை வாளியில் கரைத்து. நானும் சிநேகிதியும் புளியமரத்தடியில் நிற்கவில்லை, நேரே கண்மாய்க்குள் இறங்கிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். யாரோ கனைத்தார்கள். படம் போடுகிறவள் பார்க்காமல் எப்படிப் போடுவாள் என்று சிநேகிதி சத்தமாகவே சொன்னாள்.

ஆட்டம் இழுபறியாகப் போய்க் கடைசியில் மறுபடி அண்ணன் கையில் வந்து நின்றது. பாடிப் போனான். பாட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன், தொண்டையில் உருள்கிற தாழ்ந்த சத்தம். ஒருவனைத் தொட்டான். திரும்பும்போது நான்கு பேர் அமுக்கினார்கள். எல்லாரும் கத்தியதில் பாட்டு மூழ்கிப் போயிற்று. புழுதிக்குள்ளிருந்து ஒரு கை வந்து கோட்டைத் தொட்டது.

டிரில் வாத்தியார் விசிலை வாயருகில் கொண்டுபோனவர் ஊதவில்லை. கூட்டம் அடங்கியது. அவர் குனிந்து, மண்ணில் கிடந்த அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, பாட்டு இருந்துச்சா?”

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

“இருந்துச்சுங்க.”

அவர் எங்கள் பக்கம் கையைக் காட்டி விசில் ஊதினார். அக்கரை ஊர்க்காரர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.