சனிவார் வாடாவிலிருந்து சனிவார் வாடா வரை

தை மாதக் குளிரில் கட்கி ஸ்டேஷனில் காலை லோக்கலைப் பிடித்தேன். சிவாஜிநகர் வரை ஐந்து ரூபாய். அங்கிருந்து பத்து ரூபாய் டிக்கெட்டில் பஸ், சனிவார் வாடா வரை. பேஷ்வாக்கள் இருந்த கோட்டை அது. புனே நகரத்துக்கு நடு எது என்று கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் காட்டுவார்கள். யானை முட்டக்கூடாது என்று கதவில் கூர் ஆணிகள் அடித்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு எதிரே என் மருமகள் மேகா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, குல்லாயும் புது ஷூவுமாக நின்றிருந்தாள்.

எதற்கு வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிரகாஷ் வானவடியில் எட்டாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். நான் கட்கியில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. போன மழைக்காலத்தில் படியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். அதிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு. "அங்க பூட்டு போட்டுட்டு இங்க வந்துடும்மா."

நான் சொன்னேன்: "சனிவார் வாடாலேர்ந்து நடந்து போயி பர்வதி மலை ஏறி எறங்கி, வேற வழியா சனிவார் வாடாவுக்கே நடந்து வரேன். நடுவுல வண்டி ஏறினேன்னா வானவடி வரேன். ஏறலன்னா இந்தப் பேச்ச நீ எடுக்கக் கூடாது."

அவனுக்கு அன்று வேலை. சாட்சிக்கு மேகாவை அனுப்பினான். மேகா மராத்திப் பெண். பிரகாஷ் விரும்பிக் கட்டிக்கொண்டவள். தமிழ் என்னிடம் கற்றுக்கொண்டதுதான், அதனால் தப்பு வந்தால் அது பாதி என்னுடையது. என்னை மட்டும் மராத்தியில் ஆயி, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். பாஜிராவ் ரோடு நேரே தெற்கே போகிறது. பகலில் இந்த ரோட்டைத் தாண்டவே ஒரு ஜென்மம் வேண்டும். காலையில் புத்தகக் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. மண்டையைத் தாண்டும்போது கொத்தமல்லி வாசனை ரோடு வரைக்கும் வந்தது. மண்டை என்பது இங்கே காய்கறி மார்க்கெட். வெந்தயக் கீரை கட்டு பத்து ரூபாய் என்று ஒருத்தி கூவினாள். வாங்கியிருப்பேன், மலைக்குக் கீரையோடு போவதா என்று விட்டேன்.

மேகா எனக்குப் பத்தடி பின்னால் வந்தாள்.

"கூட வாயேன்டி."

"இல்ல ஆயி. பின்னால வந்தாத்தான் உங்க கால் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வழியில், இதே மாதிரி ஒருத்தி என் பின்னால் நடந்திருக்கிறாள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் கட்கி லைன் வீடுகள். அப்பாவுக்கு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஜனங்கள் ஒரே வரிசையில் இருந்தோம். ஒரு வீட்டுக்கு ஓர் அறை. பெண் பார்க்க ஆறு பேர் வந்தால், வீட்டுக்காரர்கள் வெளியே நிற்க வேண்டும். அதனால் எங்கள் லைனில் பெண் பார்ப்பது பர்வதி மலையில் என்று ஆகிவிட்டது. இரண்டு வீட்டாரும் கோயிலுக்குப் போவது போலப் போவார்கள். பெண்ணை முன்னால் நடக்கவிட்டு, மாமியாராக வரப்போகிறவள் பின்னால் வருவாள். நடை, மூச்சு, முந்தானை எல்லாம் படி ஏறும்போது தெரிந்துவிடும். பார்த்து முடித்தால் வந்த வழியே திரும்பக் கூடாது, பேச்சும் திரும்பிவிடும் என்பார்கள். அதனால்தான் சுற்று வழி.

சாரஸ் பாக் தோட்டத்தில் காலை நடை நடக்கிறவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பதற்கு ஒரு சங்கமாம். நடுவில் இருக்கும் பிள்ளையாருக்குக் குளிருக்காக ஸ்வெட்டர் போட்டிருந்தது. அவரைக் கும்பிட்டு மேலே நடந்தோம். எட்டு மணி தாண்டி மலையடிவாரம் சேர்ந்தோம். வாடாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்று மேகாவின் போன் சொன்னது.

பர்வதிப் படிகள் நூற்றுச் சொச்சம். போகாதவர்கள் பயப்பட வேண்டாம். யானை ஏறுவதற்காகக் கட்டியது என்பார்கள். உயரம் குறைவு, அகலம் அதிகம். ஒரு படிக்கு இரண்டு எட்டு வைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் முழங்காலைப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. பின்னால் ஆள் இருந்ததால் நிற்கவில்லை.

பாதியில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மெல்ல ஆஜி, மெல்ல. அவசரம் இல்ல," என்றார் மராத்தியில். ஆஜி என்றால் பாட்டி.

"நீங்க ஒதுங்கி நின்னா மெல்லவே போவேன் ஆஜோபா," என்றேன் நானும் மராத்தியில், அவரைத் தாத்தாவாக்கி. அவர் சிரித்துக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொண்டார். பின்னால் மேகாவுக்குத்தான் மூச்சு வாங்குவது கேட்டது.

மேலே சிவன் கோயிலில் கும்பிட்டோம். பக்கத்தில் கார்த்திகசாமிக்குத் தனிக் கோயில். நம் முருகன்தான். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மேகா தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள்.

"ஆயி, நாங்க அவரைப் பாக்க மாட்டோம். அவர் பிரம்மச்சாரி. பொம்பளைங்க பாக்கக் கூடாது. கார்த்திகைப் பௌர்ணமி மட்டும் பாக்கலாம்."

"இங்க வந்து பிரம்மச்சாரின்னு சொல்லிக்கினாரா? எங்க ஊர்ல ரெண்டு பொண்டாட்டி அவருக்கு."

"ரெண்டா?"

"ரெண்டு. நான் அந்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சவ. எனக்கு ஒண்ணும் ஆகாது."

வெளியே நின்றே கையெடுத்துக் கும்பிட்டேன். ஊர் வழக்கத்தை மிதிப்பானேன். மேகா குனிந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு மதில் பக்கம் வந்தோம். புனே முழுக்க காலடியில் கிடந்தது. தென்மேற்கே சிங்ககட் கோட்டை மலை, நீலமாக. மற்ற பக்கம் எல்லாம் கட்டடம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஓட்டுக்கூரையும் மரமும்தான். கோபுரங்களை எண்ணிவிடலாம். வடக்கே தூரத்தில் ஒரு புகை எழுந்தது. எனக்குப் பார்த்திருந்த பையன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. புகையைக் காட்டி, "அதோ, அங்கதான் எனக்கு வேலை," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அது செங்கல் சூளைப் புகை என்று கல்யாணம் ஆகி வெகுநாள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாராம். மாமியார் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணுக்கு மூச்சு எறைக்கல. ரெண்டு கொடம் தண்ணி தூக்கும்," என்றார். அதோடு சம்பந்தம் முடிந்தது.

இன்று வடக்கே புகை இல்லை. மூடுபனி மாதிரி ஏதோ நின்றது. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. மதிலில் கை வைத்துக்கொண்டு அந்தப் புகை இருந்த இடத்தைத் தேடினேன். மேகா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கைப்பக்கம் வைத்தாள். அது அவளிடம் எனக்குப் பிடித்த குணம்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கினேன். அடிவாரத்தில் கொய்யாக்காய் உப்புக்காரம் போட்டு இருபது ரூபாய். தின்றுகொண்டே தாண்டேகர் பாலம் பக்கம் திரும்பினோம். இனி அல்கா சௌக் என்கிற நாற்சந்தி வரை ஒரே ரோடு. பிறகு வலது கைப்பக்கம் திரும்பி கேள்கர் ரோடு, ஓங்காரேஸ்வரர் கோயில், சனிவார் வாடா. முழங்கால் சுட்டது. ஆனாலும் முடித்துவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. மேகாவும் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"ஆயி, நீங்க ஜெயிக்கிறீங்க. அவருக்கு மெசேஜ் போடறேன்."

போனைப் பார்த்துக்கொண்டே நடைபாதையை விட்டு இறங்கினாள். கால் மடங்கியது. அல்கா சௌக்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில். ஷூவைக் கழற்றுவதற்குள் கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. கடைக்காரர் ஸ்டூல் போட்டார். நான் கை காட்டி ரிக்ஷாவை நிறுத்தினேன்.

"நீங்க நடங்க ஆயி. நான் தனியா போறேன். இன்னும் கொஞ்சம்தானே."

"நொண்டிக்கினு தனியா எங்க போவ?"

"பந்தயம் என்ன ஆகும்?"

"ஏறு."

ஏறினாள். நானும் ஏறினேன். வாடா வரை முப்பது ரூபாய். ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த ரோட்டில் எதையும் நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

பிரகாஷ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வாடாவுக்கு ஓடிவந்தான். மேகா முந்திக்கொண்டாள். "அம்மா முழுசும் நடந்தாங்க. நான்தான் ரிக்ஷால வந்தேன்."

தமிழில் தப்பில்லாமல் சொன்ன பொய். அவன் என்னைப் பார்த்தான்.

"நானும் ரிக்ஷாலதான் வந்தேன்," என்றேன். "சொன்னது சொன்னதுதான். நாளைக்கு வானவடி வரேன்."

"விடும்மா, இது கணக்கில்ல," என்றான் அவன்.

"கணக்கு வெச்சது நான்."

அன்று இரவு ஒரு பையில் நாலு புடவை வைத்தேன். மறுநாள் காலையில் அதே லோக்கல், அதே ஐந்து ரூபாய். சிவாஜிநகரிலிருந்து வானவடி பஸ் ஏறாமல், அல்கா சௌக் போகிற பஸ்ஸில் ஏறினேன். சைக்கிள் ரிப்பேர் கடை வரைக்கும் முதல் நாள் வந்த பக்கமாகத் திரும்பி நடந்து, ரிக்ஷா நின்ற இடத்தில் நின்று, அங்கிருந்து தொடங்கினேன்.

கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "அந்தப் பொண்ணு கால் எப்படி இருக்கு?"

"போய்த்தான் பாக்கணும்."

கேள்கர் ரோட்டில் பூக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஆற்றுப் பக்கத்தில் மெட்ரோ பாலத்தின் மேல் ஒரு வண்டி சத்தமில்லாமல் போனது. ஓங்காரேஸ்வரர் கோயில் மணி கேட்டது. பையைக் கை மாற்றிக்கொண்டேன். பின்னால் யாரும் வரவில்லை. அம்மா, மாமியார், பிள்ளை, மருமகள் யாரும் பார்க்காமல் நான் நடந்தது புனேயில் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான் என்று நினைக்கிறேன். இரண்டு இடத்தில் நின்றேன். மூச்சு வாங்கியது, வாங்கட்டும் என்று விட்டேன். கோட்டைச் சுவரைக் கையால் தொட்டுவிட்டு வானவடி பஸ் பிடித்தேன்.

மேகா காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் செருப்புத் தூசியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"முடிச்சிட்டீங்களா ஆயி?"

"முடிச்சிட்டேன்."

"அப்போ நீங்க கட்கி போலாம்."

"போவேன். உன் வீக்கம் எறங்கட்டும்."

உப்பு ஒத்தடத்துக்குத் தண்ணீர் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். எட்டாம் மாடியிலிருந்து மேற்கே பார்த்தால் கட்டடங்களுக்கு நடுவே பர்வதி தெரிகிறது. கோயில் உச்சி, மதில், எல்லாம் தீப்பெட்டி அளவில். கட்கியில் இத்தனை வருஷம் இருந்தும் என் ஜன்னலிலிருந்து அது தெரிந்ததில்லை. இதைப் பிரகாஷிடம் நான் இன்னும் சொல்லவில்லை.