ஒலிப் பாடத்தில் ஒரு சாவு மேளம்

1. மேசையில் இருந்த கடிதம்

என்னைப் பற்றித் தோட்டத்தில் ஒரு கதை உலவுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆள் செத்துப்போனதாகப் பொய் மேளம் அடிக்க வைத்து, நாலு மலையில் வேலையை நிறுத்திய டீச்சர் நான்தானாம். கதையில் பாதி உண்மை. என் ஓய்வூதியத்தில் இனி யாரும் கைவைக்க முடியாது என்பதால் மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். புதிதாக வகுப்புக்குள் போகும் இளம் ஆசிரியர்களுக்கு உதவும்.

ஸ்பிரிங்வெளி பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. பதுளையில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, அதற்கு மேலும் கால்மணி நேரம் மூச்சு வாங்க ஏற வேண்டும். பத்தொன்பது வருஷம் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தேன். நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

ஒருநாள் காலை அதிபர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். தரம் பத்தில் பதினொரு பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், ஆகவே ஜனவரியிலிருந்து சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கான வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை டவுன் பாடசாலைக்கு மாற்ற உத்தேசம், புதன்கிழமை பத்து மணிக்குக் கல்வி அதிகாரி வந்து பெற்றோரின் கருத்தைக் கேட்பார் என்று இருந்தது.

பதினொரு பேரில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். தோட்டத்துக்கு பஸ் காலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த வருஷமே கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். இப்படிப் போனவர்களில் நாலு பேருக்கு நானே நீரின் கொதிநிலை படிப்பித்திருக்கிறேன்.

"பெற்றோர் கூட்டமா வந்து நின்னா மூட மாட்டாங்க டீச்சர். ஆனா யாரு வருவா?" என்றார் அதிபர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பத்து மணிக்குத் தாய்மார் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம். பிள்ளைகளிடம் கடிதம் கொடுத்தனுப்பினாலும் எங்கள் கூட்டங்களுக்கு நாலு பேருக்கு மேல் வந்த சரித்திரம் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஆறு பேர் இருந்தார்கள், அதில் மூன்று பேர் ஆசிரியர்கள். சாயந்திரம் வைக்கலாமே என்று அதிபர் போனில் கேட்டதற்கு, அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு பதுளைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பதில் வந்தது.

2. இசைக்கவை இல்லாத வகுப்பு

அந்த வாரம் தரம் பத்துக்கு ஒலி பாடம். இசைக்கவையைத் தட்டி நீரில் தொட்டுக் காட்டு என்கிறது ஆசிரியர் கைநூல். எங்கள் ஆய்வுகூடம் ஒரு அலுமாரி. அதன் சாவி, மாற்றலாகிப் போன முந்தைய அதிபரோடு பண்டாரவளைக்குப் போய்விட்டது.

"வீட்டுல தட்டினா சத்தம் வர்ற சாமான் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

சட்டி என்றார்கள், தகரம் என்றார்கள், ஒருவன் தம்பி என்றான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க வீட்டுல தப்பு இருக்கு டீச்சர்."

வசந்தி. வருஷம் முழுக்க என்னிடம் வாய் திறக்காத பிள்ளை. அவள் அப்பா முனியாண்டி தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். திருவிழாவில் எல்லாரும் அவர் அடிக்கு ஆடுவார்கள், அவரை மட்டும் ஒரு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். முன்வரிசையில் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களைத்தான் மறுநாள் அவளுக்குத் துணையாக அனுப்பித் தப்பைத் தூக்கிவரச் செய்தேன்.

வசந்தி பள்ளிக்கூட அடுப்பில் தப்பைக் காட்டி, சூடேறக் காத்திருந்து, விரலால் தட்டிப் பார்த்தாள். "காய்ச்சினாத்தான் டீச்சர் பேசும். தோல் இறுகணும்." இழுவிசை கூடினால் சுருதி கூடும் என்று நான் ரெண்டு பாடவேளை தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாதது, ஒரு நிமிஷத்தில் எல்லார் மண்டையிலும் ஏறியது. தோலில் அரிசியைப் போட்டு அடித்தாள், அரிசி துள்ளியது, பிள்ளைகளும் துள்ளினார்கள்.

அடுத்து ஒலியின் வேகம். அவள் எதிர் வளைவில் போய் நின்று அடிப்பாள். கை இறங்குவது தெரிந்ததும் இங்கே போனில் நேரம் ஓட விட வேண்டும், சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். புத்தகத்தில் இருப்பதில் பாதி வேகம்கூட எங்களுக்கு வரவில்லை.

"ஏத்தம்தானே டீச்சர். சத்தத்துக்கும் மூச்சு வாங்கும்," என்றான் ஒருவன்.

பாடம் முடிகிற நேரம் வசந்தி என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், அடியில நிறைய வகை இருக்கு. சாமிக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, அப்புறம்..."

"அதெல்லாம் பாடத்துல வராதும்மா. போய் உக்காரு," என்றேன். மணி அடித்துவிட்டது, எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

3. புதன்கிழமை

அதிகாரி ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். பெற்றோர் வாங்குகளில் மூன்று பேர். ஒருவர் பகல் உணவு சமைக்கும் ராசாத்தியக்கா, அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் பிறப்புச் சான்றிதழில் அதிபரின் கையெழுத்து வாங்க வந்தவர்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "பெத்தவங்களுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன செய்றது?"

நேரத்தை இழுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஐயா, பிள்ளைங்க ஒரு செய்முறை காட்டணும்னு ஆசைப்படுறாங்க" என்று அவரை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். தப்பு காய்ச்சித் தயாராக இருந்தது.

"எந்த அடி டீச்சர்?" என்று கேட்டாள் வசந்தி.

"எது ரொம்பத் தூரம் கேக்குமோ அதை அடி."

அவள் குச்சியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். "நெசமாவா டீச்சர்?"

"நெசமாத்தான். ஐயா பார்க்கட்டும்."

அடித்தாள். நிறுத்தி நிறுத்தி விழுகிற கனத்த அடி. அதிகாரி காலால் தாளம் போட்டு, "நல்லா இருக்கே" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். ராசாத்தியக்கா மட்டும் அகப்பையோடு வெளியே ஓடி வந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். டவுனில் வளர்ந்த எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

எதிர் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு இறங்கினார்கள். பக்கத்து மலையிலும் இறங்கினார்கள். தோட்டத்தில் சாவு மேளம் கேட்டால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வருவது வழக்கம், தோட்டத் துரையே வந்து நின்றாலும் தடுக்க முடியாது. பத்து நிமிஷத்தில் பள்ளிக்கூட வாசல் நிரம்பிவிட்டது. முதுகில் கூடையோடு பெண்கள், பின்னால் கத்திக்கொண்டு கங்காணி, சாவு வீட்டுக்கென்று சீனிப் பொட்டலத்தோடு கடைக்காரர். ஒரு அம்மா செத்தது யாரென்றே தெரியாமல் வாசலருகில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் மேளம் கேட்டது பள்ளிக்கூடத்திலிருந்து. தாய்மார் என்னைப் பார்க்கவில்லை. ஓடி வந்து பிள்ளைகளின் முகத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். வசந்தியின் அம்மா செல்லம்மா வெறுங்காலில் ஓடி வந்திருந்தார், காலில் ரத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முகங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"யாரு டீச்சர்? எந்தப் புள்ள?" என்று செல்லம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார்.

வசந்திதான் பேசினாள். "யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. நாந்தான் அடிச்சேன். கடுதாசி குடுத்தா நீங்க யாரு வந்தீங்க? ஜனவரியில எங்க வகுப்ப மூடப் போறாங்க. டவுனுக்குத்தான் போகணுமாம். இருட்டுல வர்ற பஸ்ஸுல எங்க ஏழு பேரையும் அனுப்புவீங்களா? சொல்லுங்க."

செல்லம்மா மகளின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். "யாருங்க ஐயா மூடுறது? நீங்களா?"

அதிகாரி ஒரு கதிரையின் பின்னால் போய் நின்றுகொண்டார். அரைமணி நேரம் பெண்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள். அவர் குறிப்பெடுத்தார்.

கடைசியாக, ஆடி அசைந்து முனியாண்டி வந்து சேர்ந்தார். அவர் ஒருவர்தான் பதறவில்லை. "ஆள் செத்திருந்தா மொதல்ல என்னையில்ல தேடி வந்திருப்பாங்க" என்றார். மகளைப் பார்த்து, "மூணாவது அடி பிசகிப் போச்சு" என்றார்.

4. விளக்கம்

அதிகாரியின் அறிக்கையில் "பெற்றோர் வருகை: எதிர்பார்ப்புக்கு மேல்" என்று இருந்ததாம். வகுப்பு மூடப்படவில்லை.

ஆனால் அரைநாள் கொழுந்து போனதற்குத் துரை முறைப்பாடு எழுதினார், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதி அனுப்பினேன். நோக்கம்: ஒலி எவ்வளவு தூரம் செல்லும் எனக் கண்டறிதல். தேவையான பொருட்கள்: தப்பு ஒன்று, அடுப்பு ஒன்று, அதிகாரி ஒருவர். அவதானம்: நாலு மலை. முடிவு: பெற்றோருக்கு அக்கறை உண்டு, பத்து மணிக்கு வர வழிதான் இல்லை. இனிக் கூட்டங்கள் சாயந்திரம் கொழுந்தை எடைபோட்ட பிறகு, கோயிலடியில் நடைபெறும்.

அந்த அறிக்கைக்கு இன்றுவரை எனக்குப் புள்ளி வரவில்லை.

கோயிலடிக் கூட்டங்களுக்கென்று முனியாண்டி சாவும் திருவிழாவும் கலக்காத ஒரு புது அடியை உண்டாக்கினார். அடித்து முடித்ததும் பழக்கப்படி ஓரமாகப் போய் நிற்பார். செல்லம்மா ஒருநாள் ஒரு கதிரையைத் தூக்கி முன்வரிசையில் டக்கென்று வைத்து, "வகுப்பக் காப்பாத்துனது இவரு தப்பு. உக்காரட்டும்" என்றார். முனியாண்டி உட்கார்ந்தார்.

பதினொரு பேரும் அங்கேயே சாதாரண தரம் எழுதினார்கள். பெறுபேறு வந்த அன்று வசந்தியிடம் கேட்டேன், "சாவு அடின்னு தெரிஞ்சுதானே அடிச்ச? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானே டீச்சர் அன்னைக்கு மேசைக்கு வந்தேன். நீங்கதான் பாடத்துல வராதுன்னு சொல்லிட்டீங்க."

அதற்குப் பிறகு, மேசைக்கு வந்த எந்தப் பிள்ளையையும் சொல்லி முடிக்கும் முன்னால் நான் உட்காரச் சொன்னதில்லை. மணி அடித்தால் அடிக்கட்டும்.