ஒன்பதாவது வரியைப் பேசாத தனராஜ்

இம்மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. குளுவாங்கிலிருந்து அவர் மகள் அழைத்தபோது, அவர் பேச வேண்டிய ஒன்பது வரிகளில் எட்டு பதிவாகியிருந்தன. தனராஜ் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் எல்லாக் குரல்களும். அமெரிக்காவில் வெட்டி ஆங்கிலம் பேச வைத்த அதை, விசிடி கடையின் பின்னறையில் இவர் தமிழ் பேச வைத்தார். ஏழு பாத்திரம், ஒரே மைக், பின்னால் மின்விசிறி இரைச்சல். அதை ஒலிப்பதிவு என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. இன்று அவரை 'லெஜண்ட்' என்கிறீர்கள். 'ஒரிஜினல்தான் பெஸ்ட், தமிழ் ஒரே காமெடிலா' என்று போன வருஷம் எழுதியதும் நீங்கள்தான்.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நாயகனின் அப்பா சாகும் காட்சியை ஆங்கிலக்காரர்கள் வெட்டியெறிந்தார்கள். ஒரு பாகத்தில் அப்பா இருப்பார், அடுத்ததில் காணோம். அந்த ஓட்டையை அண்ணன் தன் அறிவால் அடைத்தார்: "அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு." ரோபோ ஓட்டும் ஜப்பான் பையனின் அப்பா! குளுவாங்கைச் சுற்றியிருக்கும் காஹாங்கிலும் பாலோவிலும் ஒரு பிள்ளைகூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டு வரிசையில் பாதி அப்பாக்கள் சிங்கப்பூரில்தான் இருந்தார்கள். அவர் திரும்பி வருவார் என்று கடைசிப் பாகம் வரை காத்திருந்த முட்டாள்களில் நானும் ஒருவன்.

பதினாறு வயதில் இணையத்தில் வெட்டாத பிரதியைப் பார்த்துவிட்டுக் கடைக்கே போய்க் கத்தினேன். "அந்த அப்பா செத்துட்டாருண்ணே! பொய் சொல்லிட்டீங்க!"

"எனக்கு வந்ததுல சாகலடா. ஆள காணோம். நம்ம ஊர்ல ஆள காணோம்னா வேற எங்க?"

ஒலித்துறை படித்தேன். ஜோகூர் பாருவில் என் ஸ்டுடியோவிலேயே, வெட்டாத படத்துக்கு அவர் தமிழைப் பொருத்தி வெளியிட அனுமதி வாங்கினேன். விடுபட்ட ஒன்பது வரிகளைப் புதிதாகப் பேச, சனிக்கிழமை வந்தார். எட்டு முடிந்தது. ஒன்பதாவது: "அப்பா செத்துட்டாரு."

"முடியாது தம்பி."

"கார்ட்டூன்ணே அது."

"இருபது வருஷமா உயிரோட வச்சிருக்கேன். வேற ஆள வச்சிக் கொன்னுக்க."

"வேற குரல் ஒட்டாதுண்ணே. அறிவில்லாத மாதிரி பேசாதீங்க."

"வியாழக்கிழமை வரேன், பாப்போம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அறிவில்லாத மாதிரி பேசாதீங்க. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நேற்று அடக்கத்தில் ஒருவர் என் காதருகில், "ஏஐல அவர் குரலயே செஞ்சிடு ப்ரோ, ரெண்டு நிமிஷ வேல," என்றார். பெட்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்:

1. இயந்திரத்தில் அவர் குரலைச் செய்ய மாட்டேன். இனி யாரும் கேட்காதீர்கள்.

2. அவர் மறுத்தபோது மைக் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை நான் வைத்துக்கொள்வேன். பகிர மாட்டேன்.

3. நாளை காலை பத்து மணிக்கு ஒன்பதாவது வரியை நானே பேசுவேன். ஒட்டாது, தெரியும். வேறு ஆளை வைத்துக் கொல்லச் சொன்னார். அந்த ஆள் நான்தான்.