மூன்றாம் தொட்டியின் தண்ணீர்

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். சோடா தயாரிப்பவர்களுக்கு வேண்டிய எலுமிச்சை அமிலம் கப்பலில் வருவது நின்றுபோனது. யட்டவத்தைக்குப் போகும் பாதையில் ஒரு முதலாளி அதைத் தேசிக்காயிலிருந்தே எடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த என்னைக் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்டார்.

தேசிக்காய்ச் சாற்றைக் கொதிக்கவைத்துச் சுண்ணாம்புத் தூள் போடுவோம். அடியில் தங்கும் மாவைக் கழுவி, கந்தக அமிலம் சேர்த்து, வடிகட்டி, ஈயத் தகடு பதித்த அகலத் தொட்டிகளில் வற்றவைத்து ஆறவிடுவோம். முதல் தொட்டியில் கற்கண்டுபோல விளையும் கல் கருப்பட்டி நிறத்தில் இருக்கும். அதை வெந்நீரில் கரைத்து, கரித்தூள் போட்டு வடித்து, மறுபடி விளையவிட்டால் மஞ்சள். மூன்றாம் முறை வெள்ளை. கல் விளையும்போது தனக்கு வேண்டாததையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சுத்தமாகிறது. வேலைக்குச் சேர்பவர்களுக்கு இதை நான்தான் விளக்குவேன்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வேலை செய்த பெரியவர் ஒருவர், வெள்ளைக் கல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "நாட்டுல சீனியே இல்லைங்க. நாம சீனி மாதிரி ஒண்ணு செய்யிறோம், அதுவும் புளிக்குது" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

நாலந்தா வரைக்கும் உள்ள தேசிக்காயையெல்லாம் எங்கள் லொறியே அள்ளிவந்ததால் சந்தையில் ஒரு காய் வாங்க முடியவில்லை. தேங்காய்ச் சம்பலுக்குப் புளிப்பில்லை என்று எல்லா வீட்டிலும் முறைப்பாடு. மூன்றாம் தொட்டியில் கல்லை அள்ளியபின் மிஞ்சும் தண்ணீரை இரண்டாம் தொட்டிக்குத் திருப்பி ஊற்றுவதுதான் முறை. இளம்மஞ்சளாக, தெளிவாக இருக்கும். ஆட்கள் தேசிப்புளிக்குப் பதிலாக அதில் ஒரு போத்தல் எடுத்துப் போகலாமா என்று கேட்டார்கள். கடைசித் தொட்டிதானே, சுத்தமானதுதான் என்றேன். நானும் ஒரு போத்தல் கொண்டுபோனேன். ஐந்தாறு மாதம் அதுதான் எங்கள் வீட்டுச் சம்பலிலும் கீரை மல்லுமிலும். ஏழு வயது மகள் சோற்றிலேயே ஊற்றச்சொல்லிக் கேட்பாள்.

அவளுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியபோது பூச்சி என்று நினைத்தோம். பிறகு முகம் வெளிறியது. படிக்கட்டில் ஏறும்போது கால் இடறியது. ஒரு காலையில் வலியில் உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தவே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் சிங்களவர், நிதானமானவர். பிள்ளையின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லடியில் மெல்லிய நீலக்கோடு ஓடியது. வீட்டில் பழைய பெயின்ட் உரிந்திருக்கிறதா, பிள்ளை எதையாவது சுரண்டித் தின்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேள்வியின் பொருள் எனக்குத் தெரியாமலில்லை. பழைய பெயின்டில் இருப்பதும் ஈறில் நீலக்கோடு போடுவதும் ஒன்றுதான். ஈயம். அப்போதே போத்தல் என் நினைவில் வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு சந்தேகத்தைச் சோதிக்காமல் வெளியில் சொல்லக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். பயமும் இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனேன். கல்லில் ஈயம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் பார்ப்பேன். அழுகிய முட்டை வாசமுள்ள வாயுவைக் கரைசலில் செலுத்தினால், ஈயம் இருந்தால் கறுக்கும். எங்கள் வெள்ளைக் கல் ஒருநாளும் கறுத்ததில்லை. அன்று முதல் தடவையாக மூன்றாம் தொட்டியின் தண்ணீரில் செலுத்தினேன். மை ஊற்றியதுபோலக் கறுத்தது. தொட்டியின் தகட்டை அமிலம் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கல் அதை ஏற்காமல் தண்ணீரில் விட்டது. அந்தத் தண்ணீரை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

அங்கிருந்த ஆட்களிடம், வீட்டிலுள்ளதை உடனே கொட்டச் சொன்னேன். பெரியவர் மட்டும் என் முகத்தையே பார்த்தார். "சுத்தம்னு நீங்கதானேங்க சொன்னீங்க" என்றார். அவர் குரலில் கோபமில்லை.

வார்டுக்கு ஓடினேன். மனைவி கட்டிலோரத்தில் வெறும் கிண்ணத்துடன் இருந்தாள். மகள் இரண்டு நாளைக்குப் பிறகு வாய் திறந்து உண்டதில் அவளுக்குச் சந்தோஷம்.

"புளிப்பில்லாம வாய வைக்க மாட்டாளே. வீட்டுக்குப் போய்க் கஞ்சி காச்சி, அந்தப் போத்தல்ல இருந்து கொஞ்சம் ஊத்திக் கொண்டுவந்தேன். முழுக்கக் குடிச்சிட்டா."

நான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து டாக்டர் கேட்ட நேரமே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்திச்சு."

"நீங்க எப்பவும் சோதிக்கிறது எத?"

"கல்ல."

"தண்ணிய?"

அவள் எழுந்து குழாயடிக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவத் தொடங்கினாள். வெகுநேரம் கழுவினாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொழும்பிலிருந்து ஊசிமருந்து வரவழைக்க ஆளனுப்பினார். மருந்து வருவதற்குள் அன்று மாலையே மகளுக்கு வலிப்பு வந்தது. ஒரு நேரக் கஞ்சியால் அது வந்திருக்காது, மாதக்கணக்கில் சேர்ந்ததுதான் என்று டாக்டர் பிறகு இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் சொல்வது சரிதான். அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கிண்ணத்தை என்னால் கணக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

மகள் பிழைத்தாள். தொட்டிகளை மாற்றாமல் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினேன்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வலிப்புக்கு முன்னால் குர்ஆனில் எட்டு ஸூறாக்கள் மனப்பாடமாக ஓதுவாள். வீடு வந்தபோது ஒன்றுகூட நினைவில் இல்லை. முதலிலிருந்து தொடங்கினோம். சுபஹுத் தொழுகைக்குப் பின் தினமும் அவளருகில் உட்கார்கிறேன். நான்கு வந்திருக்கிறது. ஐந்தாவதில் பாதியில் நின்றுவிடுவாள். உதடு அசையும், சத்தம் வராது. என்னைப் பார்ப்பாள். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். சமையலறையில் வேலையாயிருக்கும் மனைவியின் கை, மகள் மறுபடி ஓதத் தொடங்கும்வரை ஓய்ந்திருக்கும்.